பல்லரோச் சந்தைப் பின்சந்தில் ஒரு செனகல் சாப்பாட்டுக் கடை

முதல் தடவை அந்தக் கடைக்குள் நான் சாப்பிடப் போகவில்லை. உள்ளே சுவரில் ஒரு மரத்தின் படம் தொங்கியது, அதைப் பார்க்கத்தான் போனேன். அடி பருத்து, கிளைகளெல்லாம் வேர் மாதிரி வானத்தைப் பார்த்து விரிந்த மரம். எனக்கு ஊர் நெடுந்தீவு. அங்கேயும் இப்படி ஒன்று நிற்கிறது, பெருக்கமரம் என்போம். அதன் பொந்துக்குள் புகுந்து ஒளித்துப் பிடித்து விளையாடிய பிள்ளைகளில் நானும் ஒருத்தி. அரபு வணிகர்கள் ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவந்து நட்டது என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். இத்தாலியின் சிசிலித் தீவில், பலெர்மோ நகரத்துப் பல்லரோச் சந்தையின் பின்சந்தில், கையில் மீன்பையோடு போகும்போது அந்த மரத்தைக் கண்டால் எப்படித் தாண்டிப் போவது?

கடையை நடத்துகிறவர் செனகல் நாட்டுக்காரர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். "இந்த மரம் எங்கள் ஊரிலும் இருக்கிறது" என்று எனக்குத் தெரிந்த இத்தாலியனில் சொன்னேன். அவர் நம்பவில்லை. அடுத்த கிழமை ஊரிலிருந்து படம் எடுப்பித்துக் கொண்டுபோய்க் காட்டினேன். படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, உள்ளே போய் ஒரு கிளாஸில் வெள்ளையாக ஏதோ கொண்டுவந்து வைத்தார். அந்த மரத்துப் பழத்தின் சதையைக் கரைத்துச் சீனி போட்ட பானம், பூயி என்கிறார்கள். மோர் மாதிரித் தடிப்பு, பின்னால் மெல்லிய புளிப்பு. ஆறு வயதில் பொந்துக்குள் இருந்த எனக்கு அந்த மரத்தின் ருசி ஐம்பது வயதில்தான் கிடைத்தது. அன்றிலிருந்து அவர் என்னைச் "சொரெல்லா" என்றுதான் கூப்பிடுகிறார், இத்தாலியனில் சகோதரி என்று அர்த்தம், நானும் அவரை அப்படியே.

சரி, சாப்பாட்டுக்கு வருகிறேன். கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. ஐந்து மேசை, பதினாறு கதிரை. நான் இங்கே பெயர் போடவில்லை, அது அவர் கேட்டுக்கொண்டது. அங்கே சாப்பிட வருகிற பிள்ளைகளில் விசா, பேப்பர் கிடைக்காதவர்களும் இருக்கிறார்கள். ஆனால் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. வெள்ளிக்கிழமை பன்னிரண்டரைக்கு மேல் ஒலிவ் காய் விற்கிறவர்கள் பக்கம் நின்று "செனகல் சாப்பாடு எங்கே" என்று கேட்டால் கையைக் காட்டுவார்கள்.

வெள்ளிக்கிழமை என்று சொன்னதற்குக் காரணம் மீன்சோறு. சேபு ஜென் என்பது அதன் பெயர், சேபு என்றால் சோறு, ஜென் என்றால் மீன். 2021-இல் யுனெஸ்கோ இதைச் செனகலின் மரபுச் சொத்தாகப் பட்டியலில் சேர்த்தது. செய்கிற விதத்தை அடுப்படியில் நின்றே பார்த்திருக்கிறேன். மீனைத் தடித்த துண்டாக வெட்டி, சதைக்குள் கத்தியால் கீறி, பார்ஸ்லி, உள்ளி, மிளகு, கொச்சிக்காய் எல்லாம் உரலில் இடித்த கலவையை அந்தக் கீறலுக்குள் விரலால் திணிக்கிறார். அதைப் பொரித்து எடுத்துவிட்டு, அதே எண்ணெயில் வெங்காயமும் தக்காளிப் பசையும். பசை சிவப்பு மாறிக் கறுக்கும்வரை கிண்டவேண்டும், அவசரப்பட்டால் பச்சைப் புளிப்பு நிற்கும். பிறகு தண்ணீர், பாதியாகப் பிளந்த கோவா, கரட், மரவள்ளி, கத்தரிக்காய். நடுவில் ஒரு துண்டு கருவாடும் போடுகிறார், கெஜ் என்கிறார்கள். அந்த மணம் எழும்பியதும் எனக்கு எங்கள் வீட்டுக் குசினி நினைவுக்கு வந்தது. காய்களை எல்லாம் எடுத்துவிட்டு, அந்தச் சாற்றில் குறுணல் அரிசியைப் போட்டு மூடிவிடுவார். முழு அரிசி கூடவே கூடாதாம். பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்தில் இந்தோசீனாவிலிருந்து குறுணலைக் கப்பல் கப்பலாகக் கொண்டுவந்து இறக்கினார்கள். அந்த நாட்டின் நாக்கு அதற்கே பழகிவிட்டது.

சோறு செங்கல் நிறத்தில் வரும். ஒவ்வொரு குறுணலிலும் மீனும் தக்காளியும் ஏறியிருக்கும், ஆனால் குழையாது. மேலே தேசிக்காய், ஓரத்தில் கொஞ்சம் புளி, ஒரு முழுக் கொச்சிக்காய். நம்மவர்களுக்கு உறைப்புப் போதாது என்றால் அந்தக் கொச்சிக்காயைக் கரண்டியால் ஒரு தடவை அழுத்துங்கள், இரண்டாவது தடவை வேண்டாம்.

நாலு பேராகப் போனால் தனித்தனிக் கோப்பை கேட்காதீர்கள். பெரிய தட்டம் ஒன்றில் எல்லோருக்கும் சேர்த்து வரும். நமக்கு முன்னால் இருக்கிற பக்கத்தில்தான் சாப்பிடவேண்டும். நடுவில் இருக்கும் மீனையும் காயையும் சொரெல்லா வந்து பிய்த்துப் பிய்த்து ஒவ்வொருவர் பக்கமும் தள்ளிவைப்பார். நாம் மறந்தாலும் அவர் மறக்கமாட்டார். கையால் சாப்பிடலாம், அங்கே அதை யாரும் வித்தியாசமாகப் பார்ப்பதில்லை.

எந்த மீன் என்று கேட்பீர்கள். செனகலில் இதற்குப் பேர்போனது ஒரு வகை வெள்ளைக் களவா. அது இப்போது அந்த ஊர்ச் சனத்துக்கு எட்டாத விலை, நல்லதெல்லாம் ஐரோப்பாவுக்கு ஏறிப் போகிறது. சொரெல்லா எனக்கு ஒரு விஷயம் சொல்லித்தந்தார். சந்தையில் மீன் பெட்டிமேல் குத்தியிருக்கும் விலைச்சீட்டில் எஃப்ஏஓ (ஐ.நா.வின் உணவு, விவசாய அமைப்பு) என்று போட்டு ஒரு இலக்கம் இருக்கும், எந்தக் கடலில் பிடித்தது என்பதற்கான இலக்கம் அது. 37 என்றால் நம் மத்தியதரைக் கடல். 34 என்றால் மொரோக்கோவிலிருந்து தெற்கே மொரிட்டானியா, செனகல் எல்லாம் அடங்கிய அத்திலாந்திக் பக்கம். இருபது வருடத்துக்கு மேலாக அந்தச் சந்தையில் மீன் வாங்கினேன், விலையை மட்டும்தான் பார்த்தேன். இப்போது கணவாய்ப் பெட்டியிலும் களவாப் பெட்டியிலும் 34 என்று கண்டால், "உங்கள் ஊர்க்காரன் வந்து படுத்திருக்கிறான்" என்று அவரிடம் வந்து சொல்வேன்.

அவருடைய ஊர் ஜோவால், கடற்கரை ஊர். அம்மா, பெரியம்மா எல்லோருக்கும் தொழில் சூடை மீனைப் புகையில் வாட்டி, தோல் உரித்து, உப்பிட்டு உலர்த்தி விற்பது. ஆண்கள் கடலுக்குப் போவார்கள், கரைக்கு வந்த மீனில் பெண்கள் குடும்பம் நடத்துவார்கள். பிறகு வெளிநாட்டு இழுவைக் கப்பல்கள் வந்தன. அப்புறம் அந்தக் கரையோரம் முழுக்க மீன்மாத் தொழிற்சாலைகள். சூடையை வாங்கி அரைத்து, ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் பண்ணைகளில் வளர்க்கிற மீனுக்குத் தீனியாக அனுப்புகிறார்கள். தொழிற்சாலை கொடுக்கிற விலையைப் பெண்களால் கொடுக்க முடியாது. வள்ளம் வெறுமையாகத் திரும்பத் தொடங்கியதும், வள்ளம் ஓட்டத் தெரிந்தவனுக்கு மிஞ்சியது ஒரே சரக்கு, ஆள்.

அவருடைய தங்கச்சியின் மகன் 2023-இல் அப்படி வெளிக்கிட்டான். லிபியா வழியில்லை, நேரே அத்திலாந்திக்கில் வடக்கே, ஸ்பெயினுக்குச் சொந்தமான கனாரித் தீவுகளுக்கு. ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் அளவு தூரம், ஒரு கிழமைக்கு மேல் திறந்த மரவள்ளத்தில். அந்த வழியால் 2024-இல் மட்டும் 46,000 பேருக்கு மேல் கரை சேர்ந்தார்கள். செனகல் இளைஞர்களிடம் வெகுநாளாக ஒரு சொல் இருக்கிறது, "பார்சா வல்லா பர்சாக்". பார்சலோனா, இல்லையென்றால் மறுமை. தங்கச்சியின் மகன் கரையில் நின்று போன் எடுத்தான். அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

பின்னால் கோப்பை கழுவுகிற தம்பி காம்பியா நாட்டவன். 2016-இல் பதினாறு வயதில் லிபியாவிலிருந்து வந்தவன். அவர்கள் ஊரில் இந்தப் பயணத்துக்குப் பெயர் "பேக்வே", பின்வழி. நைஜரில் அகதெஸ், பாலைவனம், லிபியாவில் சபா, திரிப்பொலி என்று ஒரு வருடத்துக்கு மேல். வழியில் பிடித்து அடைத்துவைத்து, வீட்டுக்குப் போன் போட்டு, அம்மாவுக்குக் கேட்கும்படி அடித்துக் காசு வாங்கினார்கள். இதை அவன் ஒரே தரத்தில் சொல்லவில்லை. கடை பூட்டும் நேரத்தில், நான் வெங்காயம் உரித்துக் கொடுத்தபடி, கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டது.

ரப்பர் வள்ளத்தை அவன் "லபாலபா" என்கிறான். லிபியாவின் சப்ராத்தாக் கரையில் இரவு காலால் மிதித்துக் காற்றடித்தார்கள், 120 பேர் வரை ஏற்றினார்கள். ஆண்கள் குழாய்மேல் ஒரு கால் தண்ணீருக்குள் தொங்க உட்கார்ந்தார்கள். பெண்களையும் குழந்தைகளையும் பாதுகாப்பு என்று நடுவில், தரைப் பலகையில் வைத்தார்கள். உண்மையில் அங்கேதான் ஆபத்து. பெற்றோல் கேன்கள் ஒழுகி, கடல் தண்ணீரோடு கலந்து, அந்தத் தரையில் தேங்கும். மணிக்கணக்கில் அதில் ஊறினால் தோல் வெந்து உரிந்துவிடும். எரிகிறது என்று எழும்பவும் முடியாது, எழும்பினால் வள்ளம் கவிழும். மீட்புக் கப்பல்களில் வேலை செய்கிற வைத்தியர்களுக்கு இந்தக் காயம் நன்றாகத் தெரியும். அதிகமாகப் பெண்களுக்குத்தான் வருகிறது, தொடையிலும் இடுப்புக்குக் கீழும்.

கடையில் கதவோரக் கதிரை ஒன்றில் மட்டும் பூப்போட்ட தலையணை கட்டியிருக்கிறது. ஏன் என்று நான் கேட்டதில்லை, தம்பிதான் சொன்னான். நைஜீரியப் பெண் ஒருவர், கப்பலிலிருந்து இறங்கிய முதல் மாதங்களில் இங்கே வந்து நின்றபடியே சாப்பிடுவாராம். சொரெல்லா ஒன்றும் கேட்காமல், தன் வீட்டுத் தலையணையைக் கொண்டுவந்து அந்தக் கதிரையில் கட்டிவிட்டார். அந்தப் பெண் இப்போது வடக்கே வேலையில் இருக்கிறார். தலையணை இங்கேயே இருக்கிறது. நீங்கள் போனால் அந்தக் கதிரையைக் கடைசியாக எடுங்கள்.

தம்பியின் வள்ளத்தில் ஒருவனிடம் திசைகாட்டியையும் இன்னொருவனிடம் மோட்டாரையும் கொடுத்து, துப்பாக்கியைக் காட்டி "நீ ஓட்டு" என்றார்களாம். தூரத்தில் ஒரு வெளிச்சம் தெரிந்தது, "அதுதான் இத்தாலி" என்றார்கள். அது கடலுக்குள் எண்ணெய் எடுக்கிற மேடையின் தீ. மோட்டார் பிடித்தவனும் இவனைப் போல ஒரு பயணிதான். கரையில் இறங்கியதும் ஆள்கடத்தல்காரன் என்று அவனைப் பொலிஸ் கொண்டுபோனது. அந்த 2016-இல் இத்தாலிக் கரைக்கு 1,81,000 பேர் வரை வந்தார்கள், மத்தியதரைக் கடலில் 5,000 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். 2017 பெப்ரவரியில் இத்தாலி லிபியாவோடு ஒப்பந்தம் செய்து, லிபியக் கரையோரக் காவலுக்குப் படகும் பயிற்சியும் கொடுக்கத் தொடங்கியது. கடலில் பிடித்தவர்களை அவர்கள் அதே தடுப்பு முகாம்களுக்குத்தான் திருப்பிக் கொண்டுபோகிறார்கள். "ஒரு வருடம் பிந்தியிருந்தால் நான் இங்கே கோப்பை கழுவிக்கொண்டிருக்கமாட்டேன்" என்கிறான் தம்பி.

இனி, இந்தக் கடையைப் பற்றி நான் எழுதவே காரணமான விஷயம். காசு வாங்கும் மேசைக்குக் கீழே நீல மட்டை போட்ட கணக்குக் கொப்பி ஒன்று இருக்கிறது. மட்டை முழுக்க எண்ணெய்க் கறை. உள்ளே கட்டம் கட்டமாக, சொரெல்லாவின் பெரிய எழுத்தில்: எந்தத் திகதி, எந்தக் கரை, மரவள்ளமா ரப்பரா, என்ன நிறம், பக்கத்தில் யார் இருந்தது, யார் தேடுகிறார்கள். புதிதாக இறங்கிய பிள்ளை யார் வந்தாலும் முதலில் சாப்பாடு, காசு கிடையாது. சாப்பிட்டு முடித்துக் கை கழுவிய பிறகுதான் கொப்பி மேசைக்கு வரும். "உனக்கு இடப்பக்கம் யார் இருந்தது? என்ன சேர்ட்? எந்த ஊர்ப் பேச்சு?" அவசரமில்லாமல், பக்கத்தில் தேத்தண்ணியை வைத்துவிட்டுக் கேட்பார்.

செனகலிலிருந்தும் மாலியிலிருந்தும் தாய்மார் அவருக்கு வாட்ஸ்அப்பில் குரல் அனுப்புகிறார்கள். மத்தியானம் கடை நிறைந்திருக்கும்போது அதைச் சத்தமாகப் போடுவார். கரண்டிச் சத்தம் நின்றுவிடும். ஒரு அம்மா, எனக்குத் தெரியாத பாஷையில், மகனின் பெயரையும் அவன் முன்பல் உடைந்ததையும் சொல்கிறார். அது முன்பல் என்று எனக்குப் பக்கத்திலிருந்தவர் தன் பல்லைத் தொட்டுக் காட்டித்தான் விளங்கியது. யாராவது ஒருவர் கையைத் தூக்கி, "சப்ராத்தாவில் ஒரே வீட்டில் அடைபட்டிருந்தோம்" என்பார். உயிரோடு இருப்பது தெரிந்தால் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் பேனாவால் ஒரு கோடு. இறந்தது உறுதி என்றால் நீலம். தங்கச்சி மகனின் பெயருக்குப் பக்கத்தில் ஒன்றுமில்லை. கொப்பியில் பெரும்பாலானவை அப்படித்தான்.

அந்தக் கொப்பியை முதல் தடவை கண்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. 1996 நத்தார் இரவை இத்தாலித் தமிழர் மறந்திருக்கமாட்டார்கள். இந்தியர், பாகிஸ்தானியர், எங்கள் ஆட்கள் என்று பெரிய கப்பலில் வந்தவர்களை நடுக்கடலில் ஒரு சின்னப் படகுக்கு மாற்றும்போது, சிசிலியின் தென்முனையில் இருக்கிற போர்த்தோபாலோவுக்கு அப்பால் அது மூழ்கியது. 280 பேருக்கு மேல். மிஞ்சியவர்களைக் கப்பல் கிரேக்கக் கரையில் இறக்கிவிட்டது. அவர்கள் சொன்னதை அதிகாரிகள் நம்பவில்லை. என் சின்னம்மாவின் மகன் அந்தக் கப்பலில் வந்தவன். போர்த்தோபாலோ மீனவர் வலையில் உடல்கள் ஏறின, சத்தமில்லாமல் திரும்பக் கடலிலேயே போட்டார்கள். 2001-இல் ஒரு மீனவர், வலையில் வந்த காற்சட்டைக்குள் கிடந்த இலங்கை அடையாள அட்டையைப் பத்திரிகையாளரிடம் கொடுத்த பிறகுதான் உலகம் ஒத்துக்கொண்டது. அது வேறொரு தாயின் பிள்ளையின் அட்டை. நாலரை வருடம் என் சின்னம்மா, ஏதோ ஜெயிலில் இருப்பான் என்று நம்பிக் கொழும்புக்கும் ஏதென்சுக்கும் ஆள் பிடித்துக் காசு அனுப்பினா. யாரும் அவவிடம் அவன் என்ன சேர்ட் போட்டிருந்தான் என்று கேட்கவில்லை.

சொரெல்லா கொப்பி தொடங்கியது 2015 ஏப்ரல் 18-க்குப் பிறகு. அன்று மூழ்கிய மீன்பிடிப் படகில் எழுநூறுக்கும் மேற்பட்டவர்கள், தப்பியது 28 பேர். அடுத்த வருடம் இத்தாலியக் கடற்படை அந்தப் படகைத் தூக்கி இங்கே சிசிலியின் அவுகுஸ்தாத் துறைமுகத்துக்குக் கொண்டுவந்தது. மிலானிலிருந்து மருத்துவர் கிறிஸ்தினா கத்தாநேயோவின் குழு வந்து, ஒவ்வொரு உடலாகப் பெயர் தேடியது. மாலி நாட்டுப் பையன் ஒருவனின் உடுப்புக்குள் அவனுடைய பள்ளிக்கூட மதிப்பெண் அறிக்கை வைத்துத் தைத்திருந்தது. அந்த வேலையைச் செய்தவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். ஆனால் அது ஒரு படகு. மற்றப் படகுகளுக்கு இந்த எண்ணெய்க் கொப்பி மாதிரியானவைதான் இருக்கின்றன.

மீதியைக் கெதியாகச் சொல்லிவிடுகிறேன். மீன்சோறு 8 யூரோ, நாலு பேர் தட்டம் 28. மற்ற நாட்களில் யாஸா, தேசிப்புளியிலும் வெங்காயத்திலும் ஊறிய கோழி. குழம்பு அருமை, கோழி சில நாள் காய்ந்துபோகிறது. கச்சான் அரைத்து வைக்கிற மாஃபே எனக்கு எண்ணெய் கூட. மாகிக் கட்டி எல்லாவற்றிலும் போடுகிறார், உப்புச் சேராதவர்கள் முன்கூட்டியே சொல்லுங்கள். காத்திருக்கவேண்டும், முக்கால் மணிநேரம் சாதாரணம். கார்ட் எடுக்கமாட்டார்கள். ஓகஸ்டில் உள்ளே சரியான வெக்கை, சின்னப் பிள்ளைகளோடு போகாதீர்கள். சாப்பிட்ட பிறகு தம்பி அத்தாயா போடுவான், பச்சைத் தேயிலையைச் சின்னக் கேத்தலில் கொதிக்கவைத்து, உயரத்திலிருந்து ஊற்றி நுரை எழுப்பி, மூன்று சுற்று. முதலாவது கசக்கும். மூன்றாவதுவரை இருந்து குடியுங்கள், அதற்குத் தனிக் காசு வாங்குவதில்லை.

போன செப்டெம்பரில் நாங்கள் பெல்லெக்ரினோ மலை ஏறிச் பலெர்மோவின் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவிடம் போக வெளிக்கிட்டபோது, சொரெல்லா ஒரு துண்டுக் காகிதத்தில் தங்கச்சி மகனின் பெயரை எழுதி என் கையில் வைத்து மடித்தார். அவர் தொழுகிறவர், மலைக்கு வந்ததில்லை. நான் கொண்டுபோய் மெழுகுதிரிக்கு முன்னால் வைத்தேன், சின்னம்மா மகனின் பெயரையும் பக்கத்தில் எழுதி வைத்தேன்.

போகிறவர்கள் வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கு முன்னால் போங்கள். பானையடியில் பிடித்த காந்தலைச் சுரண்டிக் கேட்கிறவர்களுக்குக் கொடுப்பார், மொறுமொறுவென்று மீன்சாறு ஏறியது. எங்கள் வீட்டில் அது அப்பாவுக்கு என்று எடுத்துவைப்பது. அங்கே, அன்று புதிதாக வந்த பிள்ளை யாரும் இல்லையென்றால் மட்டும்தான் நமக்குக் கிடைக்கும்.